கடைக்குள் ஓடிய ஜிபிஎஸ் மலையில் ஓடவில்லை: சைக்கிள் பயணத்துக்கு டேப்லெட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சைக்கிளில் நாலைந்து நாள் சுற்றப் போகிறவர்கள் யாராவது வழி பார்க்க ஒரு டேப்லெட் வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 12,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய டேப்லெட்டில், செயற்கைக்கோள்களை வைத்து நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் ஜிபிஎஸ்ஸே கிடையாது. இருக்கிறது என்று சொல்லி, என் கண் முன்னாலேயே மேப்பை ஓட்டிக் காட்டி விற்றார்கள். இல்லை என்பது ஜவ்வாது மலையில், பொழுது சாயும் நேரத்தில், தப்பான சாலையில் ஏழு கிலோமீட்டர் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

எனக்கு வயது 47. வெள்ளெழுத்து வந்துவிட்டது. கைப்பிடியில் மாட்டிய போனில் ஊர்ப்பெயரைப் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை எடுத்து மாட்டி, பார்த்துவிட்டுத் திரும்பக் கழற்ற வேண்டும். கண்ணாடியோடு ஓட்டினால் தூரத்துக் குழி மங்கலாகத் தெரிகிறது. அதனால் எட்டு அங்குல டேப்லெட் ஒன்றை முன்பையின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்ளலாம், போனைப் பேசுவதற்கும் அவசரத்துக்கும் மட்டும் உள்ளே பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். என் வயதுக்காரர்கள் பலரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள், யோசனையில் தவறும் இல்லை.

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு ஒன்றில் வாங்கினேன். போவதற்கு முதல் நாளே வாட்ஸப்பில் கேட்டேன்: "சைக்கிள் டூருக்கு வேணும். சிம் போட வேண்டாம், ஆனா ஜிபிஎஸ் கண்டிப்பா இருக்கணும். இதுல இருக்கா?" பதில் வந்தது: "இருக்கு சார். மேப் சூப்பரா ஓடும்." இந்த இரண்டு வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடையில் இருந்த பையன் டேப்லெட்டை எடுத்தான், கடையின் வைஃபையில் இணைத்தான், மேப்பைத் திறந்தான். நீலப் புள்ளி சரியாக அந்தத் தெருவில், கிட்டத்தட்ட அந்தக் கடை மேலேயே வந்து நின்றது. "பாருங்க சார், நீங்க நிக்கிற இடத்தையே காட்டுது." வீட்டுக்கு வந்து நானும் ஒரு முறை திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டு மேலேயே புள்ளி. சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். ஜிபிஎஸ் சில்லு இல்லாத டேப்லெட்டும் நகரத்துக்குள் இடத்தைக் காட்டும். சுற்றியிருக்கும் வீடு, கடைகளின் வைஃபை ரவுட்டர்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு அடையாள எண்ணைப் பரப்பிக்கொண்டே இருக்கும். எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் கூகுள் போன்ற நிறுவனங்களிடம் இருக்கிறது. டேப்லெட் தன்னைச் சுற்றித் தெரியும் எண்களை இணையம் வழியாக அனுப்பிக் கேட்கும், "நீ இந்தத் தெருவில் இருக்கிறாய்" என்று பதில் வரும். செயற்கைக்கோளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரவுட்டர் நெருக்கமாக இருக்கும் தெருவில் இது அவ்வளவு துல்லியமாக இருக்கும், வித்தியாசமே தெரியாது. ரவுட்டரும் இணையமும் இல்லாத காட்டுச் சாலையில் ஒன்றுமே காட்டாது. அதாவது நமக்கு வழி தெரியாத இடத்தில்தான் கைவிடும்.

ஜனவரி கடைசியில் கிளம்பினேன். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து வேலூர், கண்ணமங்கலம் வழியாகப் போளூர். முதல் நாளே அறிகுறி இருந்தது. கண்ணமங்கலம் தாண்டிப் பார்த்தபோது புள்ளி நகரவே இல்லை. நேரான நெடுஞ்சாலை, மேப் தேவைப்படவில்லை, சிக்னல் கோளாறு என்று விட்டுவிட்டேன். அன்றே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை போளூரிலிருந்து மலை ஏறினேன். ஜமுனாமரத்தூர் போய், காவலூர் வானியல் ஆய்வகத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு ஆலங்காயம் பக்கம் இறங்குவது திட்டம். ஓஸ்ம்ஆண்ட் என்ற மேப் செயலியில் மேப்பை முன்கூட்டியே இறக்கி, போகும் பாதையையும் கோடாகப் போட்டு வைத்திருந்தேன். இணையமே இல்லாமல் ஓட வேண்டிய ஏற்பாடு அது, நல்ல செயலிதான். கோடு திரையில் அழகாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்பது மட்டும் தெரியவில்லை. புள்ளி போளூரில் நான் தங்கிய லாட்ஜிலேயே உட்கார்ந்திருந்தது. அணைத்துப் போட்டேன், செட்டிங்கை மாற்றினேன், கடைசியில் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு இணைத்தேன். மலையே மூடும் அளவுக்கு வெளிர்நீல வட்டம் ஒன்று வந்ததே தவிர வேறு பயன் இல்லை. பகலெல்லாம் ஹாட்ஸ்பாட் ஓடியதில் போனின் சார்ஜ் மட்டும் கரைந்தது.

ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு பிரிவு, பெயர்ப்பலகை இல்லை. திரையில் இருந்த கோட்டின் வளைவையும் எதிரே இருந்த சாலையின் வளைவையும் ஒப்பிட்டு, இதுதான் என்று நினைத்து இறங்கினேன். சாலை நன்றாக இருந்தது, இறக்கமும் சுகமாக இருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சாமைக் கொல்லைகள். ஏழு கிலோமீட்டர் போன பிறகு மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார்.

"எங்க தம்பி போறீங்க?"

"காவலூருங்க ஐயா."

"இது எங்க ஊரோட முடிஞ்சிடும் தம்பி. அதுக்கு மேல காடுதான். வந்த வழியே திரும்பிப் போங்க, இருட்டறதுக்குள்ள ரோட்டப் புடிச்சிருங்க."

மணி ஐந்தரை. இறங்கிய ஏழு கிலோமீட்டரையும் பை பாரத்தோடு ஏற வேண்டும். போனில் 9 சதவீதம். போனில் ஜிபிஎஸ் இருந்தது, ஆனால் மேப்பை அதில் இறக்கி வைக்கவில்லை, நெட்வொர்க்கும் இல்லை, அதனால் வெறும் சாம்பல் கட்டத்தில் ஒரு புள்ளி. அதே கடையில் டேப்லெட்டோடு சேர்த்து 1,400 ரூபாய்க்கு வாங்கிய, "20,000 எம்ஏஎச்" கொள்ளளவு என்று போட்டிருந்த பவர் பேங்கைச் செருகினேன். நாலு விளக்கும் எரிந்தது. போன் 30 சதவீதத்தைத் தொடுவதற்குள் நாலும் அணைந்துவிட்டது. ஏற்றத்தில் பாதிக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஜமுனாமரத்தூரில் விளக்கைப் பார்த்தபோது மணி எட்டு ஆகியிருந்தது. மூன்று மணி நேரமாக என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம் அப்போதுதான் பேச முடிந்தது. அவள் அழுததை நினைத்தால் அந்தக் கடைக்காரர் மேல் இப்போதும் கோபம் வருகிறது.

மறுநாள் காலை அங்கே ஒரு மளிகைக் கடையில் அந்த பவர் பேங்கைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 210 கிராம். உண்மையான 20,000 எம்ஏஎச் என்றால் உள்ளே 74 வாட்-அவர் மின்சாரம் தேங்க வேண்டும், செல்களே 300 கிராம் பக்கம் வந்துவிடும். நல்ல பவர் பேங்கின் உறையில் "ரேட்டட் கெப்பாசிட்டி" என்று குறைந்த எண் ஒன்று தனியாக அச்சிட்டிருப்பார்கள், கூடவே ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். என்னுடையதில் ஒரு எண் இருந்தது. செயலியில் போட்டேன், எதுவும் வரவில்லை.

டேப்லெட்டின் மாடல் எண்ணை செட்டிங்கில் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடினேன். அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: ஜிபிஎஸ் 4ஜி மாடலில் மட்டும். எனக்குத் தந்தது வைஃபை மாடல். இது மலிவான டேப்லெட்டுகளின் குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஆப்பிள் ஐபேடின் வைஃபை மாடலிலும் ஜிபிஎஸ் கிடையாது, சிம் வசதியுள்ள செல்லுலார் மாடலில்தான் உண்டு. ஆனால் எல்லா வைஃபை டேப்லெட்டும் அப்படி இல்லை, சில ஆண்ட்ராய்டு வைஃபை மாடல்களில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஆகவே பிராண்டையோ விலையையோ பார்த்துத் தீர்மானிக்க முடியாது, அந்த மாடல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். முதலில் "சாஃப்ட்வேர் பிராப்ளம் சார், சர்வீஸ் சென்டர் போங்க" என்றார்கள். மாடல் விவரத்தைக் காட்டியதும், "வைஃபை மாடல்னா வைஃபைலதான் சார் ஜிபிஎஸ் எடுக்கும்" என்றார் முதலாளி, தெரிந்துதான் சொன்னார். அப்புறம் பில்லைத் திருப்பி, "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார். இன்னும் 4,000 போட்டால் வேறு மாடல் தருகிறேன் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வரியைப் பார்த்துப் பயந்து திரும்பி வந்துவிடாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் அவகாசம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். கூடவே, வாட்ஸப் உரையாடலின் படம், பில், மாடல் விவரம் மூன்றையும் இணைத்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன் என்று பதிவுத் தபாலில் கடைக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். பத்தொன்பதாவது நாள் கூப்பிட்டு 12,500 ரூபாயையும் திருப்பித் தந்தார்கள். பவர் பேங்குக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. "அதுக்கு பில் எதுக்கு சார், ரொக்கமா குடுங்க, குறைச்சுத் தர்றேன்" என்று சொன்னபோது நான் தலையாட்டியிருந்தேன்.

இப்போது எதை வாங்கினாலும், டேப்லெட்டோ போனோ, பணம் கொடுப்பதற்கு முன் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவசச் செயலியை அதில் இறக்கிவிட்டுக் கடைக்கு வெளியே வானம் தெரியும் இடத்துக்கு எடுத்து வருகிறேன். ஏரோப்ளேன் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டில் அந்த மோடு ஜிபிஎஸ்ஸை நிறுத்தாது. சில்லு இருந்தால் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வரும். இணைய உதவி இல்லாததால் முதல் முறை சில நிமிடம் பிடிக்கலாம், அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். வெட்டவெளியில் கால் மணி நேரம் நின்றும் ஒன்றுகூட வரவில்லை என்றால் உள்ளே சில்லு இல்லை அல்லது வேலை செய்யவில்லை. வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லும் கடையில் வாங்குவதில்லை. பில்லில் "8 இன்ச் டேப்" என்று எழுதினால் முழு மாடல் எண்ணைப் போடச் சொல்கிறேன். வாங்கிய வாரத்திலேயே மலைக்குக் கிளம்புவதும் இல்லை, முதலில் ஊருக்கு வெளியே ஏதாவது ஏரிக்கரையில் போனின் ஹாட்ஸ்பாட் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கிறேன். அப்புறம், மேப்பை இரண்டு கருவியிலும் இறக்கி வைக்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தத் தெரு வழியாக வந்தேன். அதே வைஃபை மாடல் அதே கண்ணாடி அலமாரியில் இருந்தது. கடைக்குள்ளே ஒரு பெண் தன் அப்பாவோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பையன் மேப்பைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே போய், "மேப் பார்க்கவா வாங்கறீங்கம்மா? ஒரு தடவை வெளியில எடுத்துட்டு வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.