அந்திகுவாவா, அத்தித்லான் ஏரியா? குவாத்தமாலால எட்டு நாளை எங்க செலவு பண்றது

மத்திய அமெரிக்கால இருக்கிற குவாத்தமாலா தமிழ்நாட்டை விட சின்ன நாடுதான், ஆனா அங்க தூரத்தை கிலோமீட்டர்ல கணக்கு போட்டா ஏமாந்துடுவீங்க. நாம போற பக்கமெல்லாம் மலை, பாதி எடத்துல ஒத்த ரோடு, முன்னாடி ஒரு லாரி திணறி திணறி ஏறிட்டு இருந்தா பின்னாடி நாப்பது வண்டி வரிசையா நிக்கும், இதுல ஊர்க்காரங்க ஏதாவது கோரிக்கைக்காக ரோடு மறியல் பண்ணிட்டா அன்னிக்குப் பொழுது அங்கயேதான். அதனால எட்டு நாள் லீவ் இருக்கு, எரிமலை, ஏரி, மாயா கோயில், நீலப் பச்சை குளம் எல்லாத்தையும் ஒரே ரவுண்ட்ல முடிச்சிடலாம்னு பிளான் போடுறவங்களுக்குத்தான் இதை எழுதுறேன். நான் ரெண்டு தடவை போயிருக்கேன். மொத தடவை ஜனவரில ஃப்ரெண்ட்ஸோட எல்லாத்தையும் ஓடி ஓடி பாத்தோம், ரெண்டாவது தடவை ஊர்ல இருந்து வந்திருந்த அப்பா அம்மாவை கூட்டிட்டு பொறுமையா போனேன். நான் இருக்கிற ஹூஸ்டன்ல இருந்து மூணு மணி நேர ஃப்ளைட்தான். ரெண்டையும் வச்சுத்தான் இந்த ஒப்பீடு.

முக்கியமான கேள்வி எங்க தங்குறதுங்கிறதுதான். எல்லாரும் அந்திகுவால ரூம் போட்டுட்டு ஏரிக்கு ஒரு நாள் போயிட்டு வரலாம்னு நினைப்பாங்க, நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். என் கருத்து நேர் எதிர். அந்திகுவாவுக்கு ரெண்டு ராத்திரி, ஏரிக்கு குறைஞ்சது மூணு.

அந்திகுவா அழகில்லன்னு சொல்லல. ஸ்பெயின்காரங்க காலத்துல தலைநகரா இருந்த ஊர், 1773ல வந்த பூகம்பத்துல இடிஞ்சு போய் 1776ல தலைநகரை இப்ப இருக்கிற குவாத்தமாலா சிட்டிக்கு மாத்திட்டாங்க, அப்ப இடிஞ்ச சர்ச்சும் மடமும் கூரை இல்லாம, தூண் உருண்டு கிடக்க இன்னிக்கும் ஊருக்கு நடுவுல அப்படியே நிக்குது. தெருவெல்லாம் கருங்கல் பாவினது, வீடெல்லாம் மஞ்சள், காவி, வெளிர் நீலம், எந்தத் தெரு முனைல நின்னாலும் ஆகுவா எரிமலை ஊரைப் பாத்துக்கிட்டு நிக்கும். ஏர்போர்ட்ல இருந்து 40 கிலோமீட்டர் சுமார்தான், ட்ராஃபிக் நல்லா இருந்தா ஒரு மணி நேரம், இல்லன்னா ரெண்டு. சாப்பாட்டுக்கும் கஷ்டமே இல்ல, சைவம் சாப்பிடறவங்களுக்கு கருப்பு பீன்ஸ், வாழைப்பழ வறுவல், அவகாடோ, சோள டொர்த்தியா எங்கயும் கிடைக்கும், அம்மா மூணு வேளையும் அதையே சந்தோஷமா சாப்பிட்டாங்க. ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துல போக முடிஞ்சா மட்டும் நான் சொன்ன கணக்கை மாத்திக்கோங்க, அந்த வாரம் முழுக்க அந்திகுவாலயே இருங்க. கலர் மரத்தூள், பைன் இலை, பூவெல்லாம் வச்சு தெரு முழுக்க கம்பளம் மாதிரி கோலம் போடுவாங்க, ராத்திரி முழுக்க முழிச்சு போட்டதை ஊர்வலம் மிதிச்சிட்டே போகும், போடுறவங்களும் மிதிக்கத்தான் போடுறாங்க. மார்கழில வாசல் கோலம் போட்டு வளந்தவங்களுக்கு அதை யாரும் விளக்கவே வேணாம். ஆனா அந்த வாரத்துக்கு ரூமை பல மாசம் முன்னாடியே புக் பண்ணிடணும்.

மத்த நாள்ல ரெண்டு நாளைக்கு மேல அந்திகுவா எனக்கு கஃபேவும் கடையுமாத்தான் தெரிஞ்சுது. ஏரி அப்படி இல்ல.

அத்தித்லான் ஏரி ஒரு பழைய எரிமலை வெடிச்சு உள்வாங்கின பள்ளம், சுமார் எண்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. 340 மீட்டர் வரைக்கும் ஆழம், மத்திய அமெரிக்காலயே இதுதான் ஆழமான ஏரி. தெக்குக் கரைல சான் பெத்ரோ, தொலிமான், அத்தித்லான்னு மூணு எரிமலை. சுத்தி பத்துப் பன்னெண்டு ஊர், ஊருக்கு ஊர் போக லாஞ்சான்னு சொல்ற மோட்டார் படகு. காலைல ஏரி எண்ணெய் ஊத்தின மாதிரி அசையாம கிடக்கும், மத்தியானத்துக்கு மேல ஷோக்கோமில்னு ஒரு காத்து கிளம்பும், அப்ப படகு தூக்கி தூக்கி அடிக்கும், முதுகு வலி இருக்கிறவங்களை காலைலயே கூட்டிட்டுப் போயிடுங்க. எங்க அப்பாவை ஒரு நாள் மூணு மணி படகுல ஏத்திட்டேன், பனஹாச்செல்ல எறங்குற வரைக்கும் பலகையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிட்டே வந்தார், அதுக்கப்புறம் எங்க போறதா இருந்தாலும் பதினொரு மணிக்குள்ள போயிட்டு வந்துடுவோம்.

ஏரிலயும் எந்த ஊருன்னு யோசிக்கணும். பனஹாச்செல்தான் பஸ் வர்ற ஊர், ஏடிஎம், கடை எல்லாம் அங்க, ஆனா தங்க வேற ஊர் பாருங்க. சான் பெத்ரோ சின்னப் பசங்களுக்கு, ராத்திரி மியூசிக் சத்தம் இருக்கும். சான் மார்கோஸ் முழுக்க யோகாவும் தியானமும், வெளிநாட்டுக்காரங்கதான் அதிகம், யோகா பாக்க நாம அவ்ளோ தூரம் போக வேண்டியதில்ல. நான் சொல்றது சான் ஹுவான் லா லகூனா. சின்ன ஊர், பெண்கள் சேந்து நடத்துற நெசவு கூட்டுறவு சங்கம் நிறைய. அங்க ஒரு அம்மா எங்களுக்கு நெய்ஞ்சு காட்டினாங்க. தறின்னு தனியா எதுவும் இல்ல, பாவு நூலோட ஒரு முனையை தூண்ல கட்டிட்டு இன்னொரு முனையை இடுப்புல வார் போட்டு கட்டிக்கிட்டு தரையில உக்காந்துக்கிறாங்க, நூல் டைட்டா வேணும்னா பின்னாடி சாயணும், லூஸா வேணும்னா முன்னாடி குனியணும், அந்த உடம்பேதான் தறி. சாயம் எல்லாம் அவுரி, கேரட், கள்ளிச்செடில வர்ற ஒரு பூச்சி இதுல இருந்து எடுத்தது. ஒரு வகைத் துணிக்கு முடிச்சு போட்டு சாயம் முக்குறாங்க, நம்ம சுங்குடி மாதிரியேன்னு அம்மா கிட்ட போய் குனிஞ்சு பாத்தாங்க, ஆனா அங்க துணிக்கு முடிச்சு போடல, நெய்யறதுக்கு முன்னாடி நூலுக்கே முடிச்சு போடுறாங்க. ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது, அரை மணி நேரம் கையாலயே பேசிக்கிட்டாங்க. ஒரு விபீல், அதாவது அந்த ஊர் பெண்கள் போடுற ரவிக்கை, நெய்ய மாசக் கணக்குல ஆகுமாம், அதனால பேரம் பேசாதீங்கன்னு கேட்டுக்கிறேன்.

சாந்தியாகோ அத்தித்லான் தங்க வேணாம், ஆனா அரை நாள் கட்டாயம் போகணும். அங்க மாஷிமோன்னு ஒரு சாமி. மரத்துல செஞ்ச உருவம், தலையில தொப்பி, கழுத்து முழுக்க பட்டுத் துணி, வாயில சுருட்டு. வருஷம் ஒரு வீட்ல இருக்கும், அந்த வீட்டுக்காரங்கதான் அந்த வருஷம் முழுக்க பாத்துக்கணும், வர்றவங்க சாராயம், சிகரெட், மெழுகுவத்தி படைச்சு வேண்டிக்கிறாங்க. உள்ள நுழைஞ்சதும் சாம்பிராணி மாதிரி கோப்பால் புகை. அப்பா சட்டுனு செருப்பைக் கழட்டிட்டார், யாரும் கழட்டச் சொல்லல. வெளிய வந்து, "இது நம்ம கருப்பசாமிதாண்டா"ன்னு மட்டும் சொன்னார். அதே ஊர்லதான் 1990 டிசம்பர் 2ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி ஆயுதமில்லாம கேள்வி கேக்கப் போன ஜனங்க மேல ராணுவம் சுட்டு பதிமூணு பேராவது செத்தாங்க, அதுக்கப்புறம் ஊரே ஒண்ணா நின்னு ராணுவ முகாமை வெளியேத்துச்சு. 1960ல இருந்து 1996 வரைக்கும் உள்நாட்டுப் போர் நடந்த நாடு அது, செத்தவங்க, காணாமப் போனவங்க ரெண்டு லட்சம் பேருக்கு மேல, பெரும்பாலும் மாயா மக்கள். கலர் துணி போட்டோ எடுத்துட்டு இது தெரியாம திரும்பி வர்றது எனக்கு சரியாப் படல.

ஏரியோட குறையும் சொல்லிடறேன். தண்ணி வெளிய போக ஆறு கிடையாது, கழிவு உள்ளயே தங்குது, 2009ல ஏரி மேல முழுக்க பாசி படர்ந்து பெரிய பிரச்சனை ஆச்சு. பனஹாச்செல் கரையில குளிக்காதீங்க.

அடுத்து எரிமலை. அகாதெனாங்கோவா பக்காயாவா? ரெண்டுக்கும் அந்திகுவால இருந்துதான் போவாங்க, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அகாதெனாங்கோ 3,976 மீட்டர், ஆனைமுடியை விட ஏறக்குறைய ஆயிரத்து முன்னூறு மீட்டர் ஒசரம், சுமார் 2,400 மீட்டர்ல நடக்க ஆரம்பிச்சு 3,600ல கூடாரம். சோளக்காடு, அப்புறம் பாசி புடிச்ச மழைக்காடு, அப்புறம் பைன், கடைசில வெறும் எரிமலை மணல், ரெண்டு அடி வச்சா ஒரு அடி சறுக்கும். அஞ்சு மணி நேரம் ஆச்சு எங்களுக்கு. ஆனா மேல போய் உக்காந்தா எதிர்லயே ஃபுவேகோ எரிமலை. நாங்க போனப்ப பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வெடிச்சுது. பகல்ல வெறும் சாம்பல் புகைதான், இருட்டினதும் சிவப்பா கல்லு தெறிச்சு சரிவுல உருண்டு வர்றது கண்ணுக்கு முன்னாடி தெரியும், வெளிச்சம் மொதல்ல வரும், கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சத்தம் நெஞ்சுல வந்து இடிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு கூடாரத்துல படுத்திருக்கறப்ப முதுகுக்குக் கீழ தரை லேசா அதிர்ந்தது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. குளிரை சாதாரணமா எடுக்காதீங்க, 2017 ஜனவரில அந்த மலையில குளிர் தாங்காம ஆறு பேர் இறந்துட்டாங்க. எங்களைக் கூட்டிட்டுப் போன ஏஜென்சி குடுத்த ஜாக்கெட்டுல ரெண்டுக்கு ஜிப்பே போடல, மேல போனப்புறம்தான் தெரிஞ்சுது, கீழயே எல்லாத்தையும் போட்டுப் பாத்து வாங்குங்க. ஃபுவேகோவும் வேடிக்கைப் பொருள் இல்ல, 2018 ஜூன் 3 வெடிப்புல அடிவாரத்துல ஒரு கிராமமே புதைஞ்சு போச்சு, வழிகாட்டி போக வேணாம்னா மறு பேச்சு பேசாதீங்க.

பக்காயா 2,552 மீட்டர், அரை நாள் வேலை, ரெண்டு மணி நேர நடை, முடியலன்னா குதிரை. ஊர்ப் பசங்க குதிரையோட பின்னாடியே வந்து 'டாக்ஸி, டாக்ஸி'ன்னு கூப்பிடுவாங்க, அம்மா பாதி தூரம் அதுலதான் வந்தாங்க. மேல பழைய லாவா ஆறு கருப்பா உறைஞ்சு கிடக்கும், சூடு வர்ற பொந்துல மார்ஷ்மெல்லோ வாட்டித் தருவாங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா அகாதெனாங்கோ பாத்தவனுக்கு அது ஒரு நல்ல நடை, அவ்வளவுதான். முட்டி நல்லா இருக்கிறவங்க அகாதெனாங்கோவைத் தவிர வேற எதையும் யோசிக்காதீங்க, பெரியவங்க, சின்னப் பிள்ளைங்க இருந்தா பக்காயா.

சந்தைக்கு சிச்சிகாஸ்தெனாங்கோ பேர் போனது, வியாழன், ஞாயிறு. ஏரிக்கு மேல இருக்கிற சோலோலா சந்தை செவ்வாய், வெள்ளி. பொம்மை, பை வாங்கணும்னா சிச்சி, ஜனங்க தக்காளியும் கோழியும் வாங்குறதை பாக்கணும்னா சோலோலா. எனக்கு சோலோலா.

மாயா நகரங்கள் எல்லாம் வடக்க பெத்தேன் காட்டுல. பஸ்ல எட்டு பத்து மணி நேரம், ஃப்ளைட்ல ஒரு மணி நேரம், காசு கூடன்னாலும் ஃப்ளைட்லயே ஃப்ளோரஸ் தீவுக்குப் போயிடுங்க. திக்கால், யாஷா, எல் மிரடோர் மூணுல மொதல்ல திக்கால்தான், இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. நாலாம் கோயில் சுமார் 65 மீட்டர், தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய அதே ஒசரம், ஆனா இது எட்டாம் நூற்றாண்டுல, இரும்புக் கருவியோ வண்டி மாடோ இல்லாத ஜனங்க கட்டினது. மேல ஏற மரப்படி போட்டிருக்காங்க. விடியக்காலைல மேல உக்காந்தா பனிமூட்டத்துக்கு மேல மத்த கோயில் உச்சி மட்டும் தெரியும், கீழ காட்டுல ஹௌலர் குரங்கு கத்துறது சிங்கம் உறுமுற மாதிரி இருக்கும். யாஷா ஏரிக் கரைல, கூட்டம் ரொம்பக் கம்மி, சாயங்காலத்துக்கு அருமை, ஒரு நாள் கூட இருந்தா சேத்துக்கோங்க. எல் மிரடோர் போக வர அஞ்சு நாள் சேத்துல நடக்கணும், அது தனிப் பயணம், எட்டு நாள்ல அதை நுழைக்க முடியாது.

கடைசியா செமுக் சாம்பே. சுண்ணாம்புப் பாறை 300 மீட்டருக்கு பாலம் மாதிரி இருக்கு, கஹபோன் ஆறு அதுக்கு அடியில பாயுது, பாறை மேல படிப்படியா குளம், தண்ணி நிறம் நிஜமாவே போட்டோல இருக்கிற மாதிரிதான். ஆனா அந்திகுவால இருந்து போக முழுசா ஒரு நாள், திரும்ப ஒரு நாள், கடைசி பதினோரு கிலோமீட்டர் பிக்கப் வண்டில பின்னாடி நின்னுக்கிட்டே போகணும். நாங்க அங்க இருந்து ரோட்லயே ஃப்ளோரஸ் போனோம், வழியில சயாஷ்சேல வண்டியோட படகுல ஏறி ஆத்தைத் தாண்டணும், நல்ல அனுபவம்தான், ஆனா செமுக்குக்காக ஏரியில ஒரே ஒரு ராத்திரிதான் மிச்சமிருந்துச்சு. திரும்ப பிளான் போட்டா செமுக்கை விட்டுட்டு அந்த ரெண்டு நாளை ஏரிக்குத்தான் குடுப்பேன்.

ரெண்டாவது தடவை அப்பாவுக்காக கொபான் மட்டும் போனோம். எங்க ஊர் போடி. அப்பா அங்க ஏலக்காய் கடையில முப்பது வருஷம் கணக்கு எழுதினவர். உலகத்துலயே ஏலக்காய் அதிகமா ஏத்துமதி பண்றது குவாத்தமாலாதான், அதுல பெரும்பகுதி கொபான் சுத்தி இருக்கிற ஆல்தா வெராபாஸ் மலையில விளையுது, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி, நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் அங்க கொண்டு போய் வச்சது. அந்த ஊர்க்காரங்க சமையல்ல அதை அனேகமா சேக்கிறதே இல்ல, நிறைய அரபு நாடுகளுக்குப் போயிடுது. ரோட்டோரம் காய் காய வைக்கிற ஸ்டோர் ஒண்ணு, வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே வாசனை. அப்பா நேரா உள்ள போய் ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில பரத்தி, விரலால தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, "காய் நல்ல பச்சைதான், ஆறு எம்எம், எட்டு தேறாது"ன்னார். அங்க இருந்த பெரியவருக்கு தமிழ் புரியல, ஆனா அப்பா விரலைப் பாத்ததும் ஏதோ புரிஞ்சிருச்சு, உள்ள போய் வேற சாக்கைப் பிரிச்சு பெரிய காயா எடுத்துட்டு வந்து அப்பா கையில வச்சார்.