கால் நகச் சொத்தைக்குக் கடையில் கேட்டு மருந்து வாங்குகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் வேலை எனக்கு. காலையில் மாட்டுகிற ரப்பர் பூட்ஸைச் சாயங்காலம்தான் கழற்றுவேன். கழற்றியதும் சாக்ஸைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வராத ஆள் எங்கள் பட்டறையில் கிடையாது. எனக்கு அது நகத்துக்கும் ஏறிவிட்டது. வலது கால் கட்டை விரல் நகத்தின் ஓரம் முதலில் மஞ்சளானது, அப்புறம் தடித்தது, அப்புறம் பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. இரண்டு வருடம் அதற்கு மருந்து போட்டேன். பில் இருக்கிறதை மட்டும் கூட்டினால் 11,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்த இரண்டு வருடத்தில் நகம் ஒரு துளிகூடத் தேறவில்லை. காலில் புதிதாகப் படர்தாமரை வந்ததுதான் மிச்சம்.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடை. செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினேன். கடைத் தம்பி கண்ணாடிப் பெட்டிக்கு மேலே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபங்கஸ்ங்கண்ணா. இதைப் போடுங்க, பத்து நாள்ல காணாமப் போயிரும்" என்று ஒரு களிம்புக் குழாயை நீட்டினார். பூசிய மூன்றாம் நாளே விரல் இடுக்கு அரிப்பு நின்றுவிட்டது. ஆகா, கைராசிக் கடை என்று நினைத்து, எட்டு மாதம் குழாய் குழாயாக வாங்கினேன். என் வீட்டுக்காரிக்கும் கை நகங்கள் இரண்டு மூன்று குழிவிழுந்து மங்கலாக இருந்தன. அவளும் அதையே தடவினாள்.

அந்தக் குழாயின் பின்பக்கத்தை நான் படித்தது ரொம்ப நாள் கழித்துத்தான். ஒரே குழாயில் நாலு மருந்து. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு இரண்டு, கூடவே குளோபெட்டசால். இது தோலில் பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையான வகை. சிவப்பையும் அரிப்பையும் அடக்குவதில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் அடங்குவது நம் உடம்பின் எதிர்ப்புதான், பூஞ்சை இல்லை. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுத் திருடனை உள்ளே விட்ட கதை. களிம்பை நிறுத்திய இரண்டாவது வாரமே அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பியது. புறங்காலில் வட்ட வட்டமாகப் படர்தாமரை. பூசிய இடத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது.

குழாயில் சிவப்புக் கோடு இருந்தது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. சீட்டு எங்கே என்று அந்தக் கடையில் ஒருநாளும் கேட்டதில்லை. கண்டபடி கலந்த 328 கூட்டு மருந்துகளை மத்திய அரசு 2018 செப்டம்பரில் தடை செய்தபோது, அந்தப் பட்டியலில் தோல் களிம்புக் கலவைகளும் இருந்தன. சரக்கைக் கொஞ்சம் மாற்றி, பெயரை மாற்றி, இன்னும் ஏதோ ஒன்று கைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன என்று பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. நகச் சொத்தைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் நாமாக எடுத்துப் பூசுகிற பொருள் இல்லை.

சரி, ஸ்டீராய்டு கலக்காத களிம்பு ஆகாதா? அதையும் பூசிப் பார்த்தேன். குளோட்ரிமசோல், 1 சதவீதம். கடையில் "நகத்துக்கும் போடலாங்க" என்றார்கள். அந்தச் சமயம் டல்லாஸிலிருந்து வந்த அக்கா மகன் பையில் அதே மருந்து, அதே 1 சதவீதம், அமெரிக்கக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியது ஒன்று இருந்தது. அட்டையைத் திருப்பினால், இந்த மருந்து தலைச் சருமத்திலும் நகத்திலும் வேலை செய்யாது என்று அச்சடித்திருக்கிறது. அங்கே இப்படிப்பட்ட களிம்புகளில் அந்த வரியைப் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். நகம் என்பது கெட்டியான தகடு. பூஞ்சை இருப்பது தகட்டுக்கு அடியில். மேலே தடவுகிற களிம்பு ஓட்டுக் கூரையில் கொட்டிய தண்ணீர்தான், அடித்தளத்துக்கு இறங்காது. விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு அதே களிம்பு நன்றாகவே கேட்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து ஆன்லைன். இங்கேதான் நான் முழு முட்டாளானேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோனில் ஒரு விளம்பரம். முதல் படத்தில் என் நகம் மாதிரியே ஒரு கருகல் நகம். பக்கத்தில் "7 நாள் கழித்து" என்று ரோஜா நிறத்தில் பளபளவென்று இன்னொன்று. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், 799 ரூபாய். இரண்டு தடவை வாங்கினேன். வந்தது கண்ணில் விடுகிற சொட்டு மருந்து அளவுக்கு ஒரு பாட்டில். மூலிகைச் சாறு என்று மட்டும் எழுதியிருந்தது, எந்த மூலிகை என்று இல்லை. மருந்து உரிம எண் இல்லை, தயாரித்த இடத்தின் முகவரியும் இல்லை. உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. பாட்டிலில் எங்கேயும் "பூஞ்சையைக் குணப்படுத்தும்" என்ற வார்த்தையே கிடையாது. "நகத்தின் தோற்றத்தை மேம்படுத்தும்" என்றுதான் இருந்தது. குணப்படுத்துகிற பேச்செல்லாம் விளம்பரத்தோடு சரி. தேங்காய் எண்ணெய் தடவினாலும் தோற்றம் மேம்படத்தான் செய்யும்.

கோபம் வந்து ஒரு சோதனை செய்து பார்த்தேன். இதை நீங்களும் செய்யலாம், காசு செலவில்லை. நல்ல விரலின் நகத்தில், தோலை ஒட்டிய இடத்தில், அரத்தால் லேசாக ஒரு கோடு போட்டேன். முப்பது நாள் கழித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கோடு ஒன்றரை மில்லிமீட்டர்கூட முழுசாக நகரவில்லை, ஒரு எள்ளின் அகலம்தான். என் கட்டை விரல் நகத்தின் நீளம் பதினேழு மில்லிமீட்டர். கெட்ட நகம் நல்ல நகமாக மாறாது. அது வளர்ந்து முன்னால் போய் வெட்டுப்பட வேண்டும், பின்னால் புது நகம் வர வேண்டும். கால் கட்டை விரலுக்கு அது ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை ஆகிற காரியம். அப்படியென்றால் ஏழு நாள் படம் எப்படி வந்தது? ஒன்று வேறு ஆளின் கால், இல்லை நகப்பூச்சு.

இவ்வளவு கணக்குப் போட்டவன் அதற்கப்புறமும் 3,299 ரூபாய்க்கு "லேசர்" கிளிப் ஒன்று வாங்கினேன் என்றால் நம்புவீர்களா? துணிக் கிளிப் மாதிரி விரலில் மாட்டினால் நீல வெளிச்சம் அடிக்கும். தினம் ஏழு நிமிடம். என் பையன் நாலாவது மாதம் அதைப் பிரித்துப் போட்டான். உள்ளே இரண்டு எல்இடி, ஒரு சின்ன பேட்டரி. நிஜமான லேசர் வைத்திருக்கும் கிளினிக்குகளும் இருக்கின்றன. அந்தக் கருவிகளுக்கே அமெரிக்காவில் கொடுத்திருக்கும் அனுமதி, தெளிவான நகப்பகுதியைத் தற்காலிகமாகக் கூட்டுவதற்குத்தான், பூஞ்சையைக் குணப்படுத்துவதற்கு இல்லை. அப்புறம் இந்த இரண்டு எல்இடி என்ன செய்துவிடும்?

கடைசியாக வந்ததுதான் வயிற்றெரிச்சல், ஏனென்றால் அது நல்ல மருந்து. அமோரால்ஃபின், 5 சதவீதம், நகப்பூச்சு மாதிரி பூசுவது. பிரிட்டனில் மருந்துக்கடையிலேயே சீட்டு இல்லாமல் கிடைக்கும், ஆனால் பெரியவர்களுக்கு மட்டும், இரண்டு நகத்துக்கு மேல் பாதித்திருந்தால் கிடையாது. இங்கே எனக்கு விற்றவர் சொன்னது "தினமும் ரெண்டு வேளை பூசுங்க". நானும் அப்படியே பூசினேன். விரற்கடை அளவு பாட்டில் பத்து நாளில் காலி. ஐந்து பாட்டில், 2,600 ரூபாய். அதை வாரத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவைதான் பூச வேண்டுமாம். பூசுவதற்கு முன்னால் நகத்தின் மேற்பரப்பை அரத்தால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். அந்த அரத்தை நல்ல நகத்தில் வைக்கக் கூடாது. இப்படி ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம். அதுவும் பூஞ்சை நகத்தின் முன்பகுதியில் மட்டும் இருந்தால்தான் பலன் உண்டு, வேர் வரைக்கும் போயிருந்தால் பூச்சு மட்டும் போதாது. எனக்கு முக்கால் நகம் போயிருந்தது. விற்கும்போது விரலைப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா எலுமிச்சம் பழத்தை விரலில் சொருகச் சொன்னதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது நகச்சுற்றுக்கு, சொத்தைக்கு இல்லை. அவர் என்னிடம் காசும் வாங்கவில்லை.

கடைசியில் படர்தாமரை தாங்காமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். அம்மா வயதுள்ள டாக்டர். களிம்புக் குழாயைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இதை யார் கொடுத்தாங்க?" என்றார். கடை என்றேன். "நகத்தை டெஸ்ட் பண்ணீங்களா?" என்றார். டெஸ்ட் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லாப் பூச்சையும் நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து வரச் சொன்னார். மருந்து போட்டுக்கொண்டே சோதித்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று காட்டிவிடுமாம்.

திரும்பப் போனபோது நகத்துக்கு அடியில் இருந்த பொடியைச் சுரண்டி எடுத்தார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் சோதனை. லேபில் இருந்த பெண் என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிறிய பின்னணியில் கிளை கிளையாகப் பிரிந்த இழைகள். பனியன் துணியைக் கிழித்தால் ஓரத்தில் பிசிறு நூல் நிற்குமே, அச்சு அசல் அப்படி. இரண்டு வருடம் நான் யாரோடு சண்டை போட்டேன் என்று அப்போதுதான் நேரில் பார்த்தேன். அரசு மருத்துவமனையில் இதற்குப் பைசா வாங்கவில்லை.

வீட்டுக்காரியின் நகத்தையும் சோதித்தார்கள். பூஞ்சையே இல்லை! டாக்டர் அவள் தலைமுடியை விலக்கிப் பார்த்து, முழங்கையைத் திருப்பிப் பார்த்து, சோரியாசிஸ் என்கிற செதில் உதிரும் தோல் நோய் என்றார். வருடக்கணக்கில் பொடுகு என்று நினைத்திருந்ததும் அதுதான். நகம் கெட்டு வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பூஞ்சை, மற்றவர்களுக்கு சோரியாசிஸ், அடிபட்டது, இறுக்கமான ஷூ என்று வேறு காரணம் என்றார். நகத்தில் திடீரென்று கறுப்புக் கோடு வந்து அகலமாகிக்கொண்டே போனால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது, அரிதாக அது புற்றுநோயாகவும் இருக்கும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் இவள் சொன்னாள், "உங்க காலைக் காட்டப் போயி என்ற தலைக்கு வைத்தியம் ஆச்சு."

எனக்குக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று, பன்னிரண்டு வாரம். உடனே போய் இதை வாங்கிவிடாதீர்கள். ஈரலில் கோளாறு இருந்தால் ஆகாது, மற்ற மாத்திரைகளோடு மோதும், சிலருக்கு நாக்கில் ருசியே போய்விடும். படர்தாமரைப் பூஞ்சையில் இந்த மருந்துக்கு மசியாத ரகம் ஒன்று நம் நாட்டில் பரவிக் கிடக்கிறது, அதற்கு ஒரு காரணம் நான் எட்டு மாதம் தடவிய மாதிரிக் குழாய்கள் என்று டாக்டர் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். டெர்பினாஃபின் மாத்திரைக்கு அமெரிக்க அங்கீகாரக் குறிப்பில் உள்ளபடி, பூஞ்சை ஒழிந்தவர்கள் நூற்றுக்கு 70 பேர், நகமும் முழுக்கத் தெளிந்தவர்கள் 38 பேர். சைக்ளோபிராக்ஸ் என்ற நகப்பூச்சை 48 வாரம் பூசிய இரண்டு ஆய்வுகளில் முழுசாகத் தேறியவர்கள் 5.5 சதவீதமும் 8.5 சதவீதமும்தான். டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலை எண்ணெயை ஆறு மாதம் பூசிப் பார்த்த 1994 ஆய்வில் பூஞ்சை நீங்கியது 18 சதவீதம் பேருக்கு. வாய்வழி மாத்திரைக்கே நிலைமை இப்படி இருக்கும்போது, "100 சதவீத உத்தரவாதம்" என்று எவனாவது எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே ஃபோனைக் கீழே வையுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் கடைக்கே போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள். அவர்களுக்கு நகச் சொத்தையும் சேற்றுப்புண்ணும் கிருமி உள்ளே போகிற வாசல்.

பணம்? ஆன்லைன் கம்பெனி "திறந்த பொருளைத் திருப்ப முடியாது" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டது. திறக்காமல் எப்படிப் பூசுவது என்று கேட்டேன், பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் விளம்பரப் படத்தோடு புகார் கொடுத்த பிறகு 1,598 ரூபாய் திரும்ப வந்தது. நல்லவேளை, விளம்பரத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். இப்போது தேடினால் அந்தப் பக்கமே இல்லை. கிளிப்புக்கு வரவில்லை, பையன் பிரித்துப் போட்டுவிட்டானே. மருந்துக்கடையில் போய்க் கேட்டதற்கு "எல்லாரும் அதைத்தாங்கண்ணா வாங்கறாங்க" என்றார் அதே தம்பி.

மாத்திரை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. அடியிலிருந்து ஏழு மில்லிமீட்டர் நல்ல நகம் வந்திருக்கிறது, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பழைய பூட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது இரண்டு ஜோடி வைத்து, ஒன்றை வெயிலில் காயப்போட்டு ஒன்றைப் போடுகிறேன். பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாக்ஸ் மாற்றுகிறவன் நான் ஒருத்தன்தான். கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.