'ஆழியாறு' என்று தேடினால் 'ஆழியாற்றில்' வராது: மாஸ்டடானில் மூன்று வருடம்

கொழிஞ்சாம்பாறை நண்பர் போன வாரம் கேட்டார்: "இன்னும் அந்த மாஸ்டடான்லதான் இருக்கீங்களா? நானும் வரட்டுமா?" போனில் சொல்லி முடியவில்லை, எழுதிவிடுகிறேன். மாஸ்டடான் என்பது ட்விட்டர் போன்ற சமூகத் தளம்; ஆனால் ஒரே கம்பெனியிடம் இல்லை, ஆளாளுக்கு நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும்.

எங்கள் தோப்புக்கு ஆழியாற்றுத் தண்ணீர்தான். எப்போது திறந்தார்கள், கேரளத்தின் மூலத்தறைத் தடுப்பணைக்கு எவ்வளவு வருகிறது என்று இந்தப் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் அங்கே எழுதுவோம். பிப்ரவரியில் ஒருவர் எழுதியதைத் திரும்பப் பார்க்க 'ஆழியாறு' என்று தேடினேன். வரவில்லை. அவர் பக்கத்துக்கே போய்த் தள்ளித் தள்ளிப் பார்த்தால், 'ஆழியாற்றில்' என்று எழுதியிருக்கிறார்! ஆழியாறு, ஆழியாற்றில், ஆழியாற்றுக்கு மூன்றும் அந்தத் தேடலுக்கு மூன்று வேறு சொற்கள். ஆங்கிலச் சொல்லின் விகுதியை வெட்டிப் பார்க்கத் தெரிகிறது, தமிழுக்கு அது இல்லை. மலையாளத்தில் எழுதும் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்களுக்கும் இதே பாடுதான். இந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் மாஸ்டடானின் 4.2 பதிப்பு வரும்வரை, முன்பின் தெரியாதவரின் பொதுப் பதிவைச் சொல் வைத்துத் தேட வழியே கிடையாது. இப்போதும் 'என் பதிவு தேடலில் வரலாம்' என்று அமைப்புகளில் சம்மதித்தவர்களின் பதிவு மட்டும்தான் வரும், அதுவும் நம் சர்வருக்கு வந்து சேர்ந்திருந்தால். சம்மதம் கேட்பது சரி, அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்தத் தேடலுக்கு, சர்வர் நடத்துபவர் எலாஸ்டிக்சர்ச் என்ற தனி மென்பொருளையும் ஓட்ட வேண்டும், அது நினைவகத்தை விழுங்கும். எங்கள் சர்வர்காரர் கைக்காசு போட்டுப் போன மாதம்தான் அதை ஓடவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம் ஹேஷ்டேக். அதன் வாலில் உருபு ஒட்டாமல் எழுதுவோம், எப்போதும் #ஆழியாறு மட்டும்தான். ஆளைப் பின்தொடர்வதுபோல ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம். வேறு சர்வரில் இருப்பவர் போட்ட பதிவுகூட, எங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்தால், என் பக்கத்தில் வந்து விழும். ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அப்படித்தான் தண்ணீர் திறந்த செய்தி வந்தது. மடையைத் திருப்பிவிட்டு வந்துதான் டீ குடித்தேன். அந்தச் சந்தோஷம் வேறெந்தத் தளத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நண்பருக்குப் பதில்: இப்போது வர வேண்டாம். தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் தேடல் வரட்டும், நானே கூப்பிடுகிறேன். நான் அங்கேதான் இருப்பேன். இல்லை, வந்தே தீருவேன் என்றால், முதல் வேலையாகத் தேடல் சம்மதத்தைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் பற்றி எது எழுதினாலும் கடைசி வரியில் #ஆழியாறு இருக்கட்டும்.