ஐரோப்பாவில் அமைச்சர் பதவி: லண்டன், பாரிஸ், பெர்லின் வழிகள்

பிரிட்டனில் அமைச்சராக வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் ஏதாவது ஒரு சபையில் இடம் வேண்டும். சட்டமல்ல, மரபுதான், ஆனாலும் எளிதில் தட்ட முடியாது. 2023 நவம்பரில் டேவிட் கேமரூனை வெளியுறவு அமைச்சராக்கியபோது அவர் எம்.பி. இல்லை, அதனால் பிரபுக்கள் சபைக்குள் கொண்டுவந்தார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்தது. மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் அவர் பேச முடியாது. கேள்விகளுக்கு இணையமைச்சர் ஆண்ட்ரூ மிட்செல்தான் எழுந்து பதில் சொன்னார். இந்த வழியில் ஏற்றமும் வேகம், இறக்கமும் வேகம். ரிஷி சுனக் 2015இல் எம்.பி., 2018இல் இளநிலை அமைச்சர், 2020 பிப்ரவரியில் நிதியமைச்சர். 2022 ஜூலை 5இல் அவர் விலகினார். அன்று தொடங்கி அக்டோபர் 14க்குள் அந்த நாற்காலியில் ஸஹாவி, குவார்ட்டெங், ஹன்ட் என மூன்று பேர் மாறிமாறி உட்கார்ந்தார்கள். ஒரு துறையின் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூட இந்த அவகாசம் போதாது.

பிரான்ஸ் நேரெதிர். அரசியலமைப்பின் 23ஆவது பிரிவுப்படி அமைச்சர் எம்.பி.யாகவும் நீடிக்க முடியாது. பதவியேற்று ஒரு மாதத்தில் இடம் கைமாறும். தேர்தலில் அவரோடு சேர்ந்து நின்ற மாற்று வேட்பாளர் சபையில் அமர்வார். 2008 திருத்தத்துக்குப் பின், அமைச்சர் பதவி போனால் பழைய இடம் திரும்பக் கிடைக்கும். தேர்தல் வாசமே இல்லாத நிபுணர்களுக்கு இது நல்ல கதவு: வழக்கறிஞரான கிறிஸ்டின் லகார்ட் 2005இல் நேரே அமைச்சரானார், வங்கியாளராக இருந்த மக்ரோன் 2014இல் பொருளாதார அமைச்சர். ஆனால் அமைச்சராக இருந்துகொண்டே தேர்தலில் நின்று தோற்றால் பதவி விலகுவது அங்கே வழக்கம். 2007இல் அலன் ஜுப்பே போர்தோவில் தோற்றார்; அமைச்சராகி ஒரே மாதம்தான் ஆகியிருந்தது, விலகிவிட்டார்.

துறையை உண்மையிலேயே கற்க வாய்ப்புத் தருவது, என் கணிப்பில், ஜெர்மனிதான். எம்.பி.யாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்: 2023இல் பாதுகாப்பு அமைச்சரான போரிஸ் பிஸ்டோரியஸ் வந்தது மாநில உள்துறையிலிருந்து. தொகுதியில் தோற்றாலும், கட்சி வாங்கும் வாக்குக்கேற்ப எம்.பி.க்களை அனுப்பும் கட்சிப் பட்டியல் கைகொடுக்கும். அமைச்சரை நாடாளுமன்றம் தனியாக நீக்க முடியாது. அரசின் தலைவரான சான்சலர் நினைத்தால்தான் உண்டு. மெர்க்கெல் 1991இல் பெண்கள், இளைஞர் நலத் துறை, 1994 முதல் 1998 வரை சுற்றுச்சூழல் என எட்டாண்டுக்குள் இரண்டே துறைகளைப் பார்த்தார். வொல்ஃப்காங் ஷொய்ப்லே எட்டு வருடம் நிதியமைச்சராக இருந்தார்.

இங்கே ஆபத்து கூட்டணி. துறை ஆளுக்கல்ல, கட்சிக்குப் போகிறது. 2024 நவம்பர் 6இல் சான்சலர் ஷோல்ட்ஸ் நிதியமைச்சர் லிண்ட்னரை நீக்கியதும் லிண்ட்னரின் கூட்டணிக் கட்சியான எஃப்.டி.பி.யின் மற்ற அமைச்சர்களும் வெளியேறினார்கள். அதே கட்சியின் போக்குவரத்து அமைச்சர் விஸ்ஸிங் மட்டும் கட்சியை விட்டு விலகிப் பதவியில் நீடித்தார். நீதித்துறையும் அவர் கைக்கே வந்தது.