மட்டக்களப்பில் இளையோர் தண்டனை மேன்முறையீடு: இலவச சட்ட உதவியை நம்பலாமா?

நம்பலாம், நேரத்தோடு போனால். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகங்கள் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணி கட்டணம் இல்லை. கிராம சேவகரின் வருமானச் சான்றிதழ், அடையாள அட்டை, வழக்கு இலக்கம் மூன்றையும் முதல் நாளே கொண்டுபோங்கள்.

நீதவான் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்க்க 14 நாள்தான். தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. மனுவை அதே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும்; விசாரிப்பது மாகாண மேல் நீதிமன்றம். பிள்ளை சிறையில் இருந்தால் அங்குள்ள ஜெயிலரிடமே மேன்முறையீட்டு விருப்பத்தைக் காரணத்தோடு சொல்லலாம். இது தெரியாமல் நாளைத் தவறவிடும் குடும்பங்கள் அதிகம்.

சிக்கல் வருவது பெரும்பாலும் "குற்றவாளி" என்று ஒப்புக்கொண்ட வழக்குகளில். சட்டத்தரணி இல்லாமல், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று பொடியன் தலையாட்டியிருப்பான். அதன்பின் மேன்முறையீட்டு வழி குறுகிவிடும். மீளாய்வு மனுதான், அதாவது கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மறுபடி பார்க்கும்படி மேல் நீதிமன்றத்தைக் கேட்கும் மனுதான், கைகொடுக்கும். அதற்கு வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும், தாமதத்துக்குக் காரணம் வேண்டும், விசேட சூழ்நிலையும் காட்ட வேண்டும். பிரதி எடுக்கத்தான் நாள் இழுக்கும், அந்த இழுபறியை இலவச சேவையும் குறைத்துத் தராது. ஆகவே பிரதிக்கான விண்ணப்பத்தை உடனே போடுங்கள்.

வாதத்தின் உயிர் வயது. வாய்மொழியாகச் சொன்ன வயதே வழக்கேட்டில் ஏறியிருக்கலாம். பிறப்புச் சான்றிதழ்தான் அதைத் திருத்தும். 2018இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழ் குற்றப் பொறுப்பே இல்லை; 12க்கும் 14க்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியைப் பார்க்க வேண்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்கப்பட்டதா, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை என்றால் அதை ஒத்திவைப்பது (உடனே சிறைக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பது) பற்றி யோசிக்கப்பட்டதா என்றும் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

குறுகிய தண்டனை என்றால், மனு விசாரணைக்கு வருமுன்பே அது முடிந்துவிடும். மேன்முறையீட்டோடு பிணையும் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று: மேல் நீதிமன்றத்துக்குத் தண்டனையைக் கூட்டவும் அதிகாரம் உண்டு. அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கும் சட்டத்தரணி, இலவசமோ காசுக்கோ, சரியான ஆள் இல்லை.