ஒரு நாள் வகுப்பா, வயல் விழாவா, வயல் பாடசாலையா?

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டுத் தறையில் வெங்காயம் வைத்து, வீட்டில் ரெண்டு மாடும் கட்டியிருக்கிறவருக்கு மூன்று விதமான அழைப்பு வரும். கமநல சேவை நிலையத்திலோ யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையத்திலோ ஒரு நாள் வகுப்பு. விதையும் மருந்தும் விற்கிற கொம்பனி வைக்கிற வயல் விழா. எப்போதாவது, போகம் முழுக்க நீளுகிற வயல் பாடசாலை. மூன்றிலும் இருந்திருக்கிறேன். சாப்பாட்டில் கொம்பனிக்காரரை வெல்ல ஆளில்லை. அதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். படிப்புத்தான் கொஞ்சம் சிக்கலான கதை.

ஒரு நாள் வகுப்பை நக்கலடிக்கிறவர்கள் அதிகம். ஒன்பது மணி வகுப்புக்குப் பத்தரைக்கு மங்கள விளக்கு ஏற்றினால் நக்கலடிக்காமல் என்ன செய்வது? ஆனால் கைவேலை பழக அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. வைக்கோலுக்கு யூரியா போடுவதையே எடுங்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணீரில் நன்றாகக் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைக்க வேண்டும். கரையாத யூரியாக் கட்டி மாட்டின் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. புத்தகத்தில் வாசித்துவிட்டுச் செய்யப் பயந்து கொண்டிருந்த எனக்கு, ஒருவர் வாளியில் கலக்கி, கையால் துழாவிக் காட்டியதும் பயம் போய்விட்டது. பரலில் சோளத்தட்டை அமத்திச் சைலேஜ் என்கிற புளித்த தீவனம் போடுவதும், மாமரத்துக்கு ஒட்டு வைப்பதும் இப்படித்தான். சினைப்படுத்தும் நேரக்கணக்குக்கு அரை மணி நேரமே போதும்: காலையில் வேட்கை கண்ட மாட்டுக்குப் பின்னேரம் சினை ஊசி, பின்னேரம் கண்டால் மறுநாள் காலை.

நோயை அடையாளம் காண்பது என்று வந்தால் அதே வகுப்பு கைவிட்டுவிடும். திரையில் காட்டுகிற வெங்காயத்தாள் படம் அவ்வளவு துலக்கமாக இருக்கும். தோட்டத்துக்கு வந்து பார்த்தால் நுனி கருகியிருக்கிறது, அவ்வளவுதான். பனிப்பூச்சி உறிஞ்சியதா, பங்கசு பிடித்ததா? எங்கள் ஊரில் மூன்றாவதாக ஒரு சந்தேகமும் உண்டு: கிணறு உவராகிவிட்டதா? சுண்ணக்கல்லுக்குள் உவர்நீருக்கு மேலே நிற்கிற நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் ஏறி வரும். அதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை, ஆனாலும் மருந்து வாங்கித்தான் அடிக்கிறோம்.

2021இலும் ஒரு நாள் வகுப்பின் இந்தக் குறையையே பார்த்தோம். ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை என்றார்கள், நவம்பரில் எடுத்தார்கள். கூட்டெரு குவிப்பதை ஒரு நாளில் காட்டலாம். ஒரு பரப்புக் காணிக்கு எவ்வளவு போட்டால் வெங்காயம் எழும்பும் என்று ஒரு நாளில் எவராலும் காட்ட முடியாது.

வயல் விழாவில் பயிரைக் கண்ணால் காணலாம், தொட்டும் பார்க்கலாம். கலப்பின மிளகாய் காய்த்துத் தொங்குவதையும், சொட்டுநீர்க் குழாய் அடைத்தால் எப்படிக் கழுவுவது என்பதையும் நான் முதலில் கண்டது அங்கேதான். ஆனால் நல்ல மண்ணும் நல்ல கிணறும் உள்ளவரின் துண்டத்தைத்தானே தெரிவு செய்வார்கள்? போகிறவர்கள் ஒரு கேள்வியைக் கொண்டு போங்கள்: "ஒன்றும் அடிக்காமல் விட்ட பாத்தி எது?" நான் கேட்டபோது சோடாப் போத்தல்தான் வந்தது.

வயல் பாடசாலை இந்தோனேசியாவில் 1989இல் உணவு விவசாய நிறுவனத்தின் ஆதரவோடு நெல்லுக்காகத் தொடங்கியது. அங்கே நெல்லின் சாற்றை உறிஞ்சுகிற கபிலத்தத்திப் பூச்சி பெருகியதற்கு மருந்தே ஒரு காரணம். அடித்த மருந்தில் சிலந்திகள் செத்தன. தாள் மடலுக்குள் இருந்த தத்தி முட்டைகள் தப்பின. பொரித்து வந்தவற்றைத் தின்ன ஆளில்லை. 1986இலேயே நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளை அந்த அரசு தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகும் கமக்காரன் தன் கண்ணால் கண்டால்தானே நம்புவான்?

அதனால் இங்கேயும் வயல் பாடசாலையில் கிழமைக்கு ஒரு காலை, ஐந்தைந்து பேராக வயலுக்குள் இறங்குவோம். பயிர் பயிராகப் பிரித்துப் பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, பெரிய தாளில் படம் வரைந்து, அடிப்பதா விடுவதா என்று வாதாடுவோம். போத்தலுக்குள் சிலந்தியோடு தத்தியை விட்டு, மறுநாள் எத்தனை மிச்சம் என்று பார்ப்போம். இளம்பயிரின் இலையை நாங்களே கத்தரியால் வெட்டிவிடுவோம். சில கிழமையில் வெட்டின பயிரையும் வெட்டாத பயிரையும் பிரித்தறிய முடியவில்லை. இலையில் ஓட்டை கண்டதும் மருந்துக்கடைக்கு ஓடுகிற என் பழக்கம் அதோடு விட்டது. கடைக்காரரின் கடன் கொப்பியில் என் பக்கமும் மெலிந்தது.

என் வாக்கு இதற்குத்தான், ஆனால் முழு மனதோடு இல்லை. தென்னிலங்கையில் நடந்த ஓர் ஆய்வில், வயல் பாடசாலையில் படித்தவர்கள் பூச்சிமருந்தைக் குறைத்தது உண்மை, பக்கத்து வயல்காரருக்கு அது பெரிதாகப் பரவவில்லை என்று கண்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. சிலந்தி தத்தியைப் பிடிப்பதைக் கண்டவனுக்கும் அதை வேலிக்கு மேலால் கேட்டவனுக்கும் வித்தியாசம் இருக்கும். இன்னொன்று, எங்கள் நெல் மழையை நம்பிய காலபோகம். ஒரு போகம் தவறினால் அடுத்த வருஷம்தான்.

1920க்கு அழைத்தும் விவசாயத் திணைக்களத்திடம் கேட்கலாம். எந்த மருந்து, என்ன அளவு என்பதற்கு நல்லது. இலையைப் பற்றிக் கேட்டால், நாங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் சொல்ல முடியும்.

பக்கத்து வீட்டு அக்காவையும் வயல் பாடசாலைக்கு வரச் சொன்னேன். நாலு ஆடு, ஒரு பசு, ரெண்டு பரப்பு வெங்காயம், எல்லாம் அவதான். கமக்கார அமைப்பின் பட்டியலில் இருப்பதோ கணவரின் பெயர்.

"தம்பி, ஏழு மணிக்கு வயலுக்கு வந்தால் பாலை ஆர் கறக்கிறது? ஆட்டுக்குக் குழை ஆர் வெட்டுறது?"

வைக்கோல் வகுப்புக்கு மட்டும் வந்தா. ஒரு நாள் என்றபடியால் தங்கச்சியைக் கூப்பிட்டு ஆட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு வர முடிந்தது. அடுத்த போகத்துக்கு வயல் பாடசாலையைப் பின்னேரம் நாலு மணிக்கு வைக்கச் சொல்லி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டிருக்கிறோம். காலையில்தான் பூச்சி எண்ணச் சுகம் என்றார். அக்காவின் பெயரில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லியும் இருக்கிறார்.