பேய்ப்படத்தை எந்தத் திரையில் பார்ப்பது? ஆறு படங்கள், ஒரு மதுரைக் கணக்கு

படிக்கட்டு விளக்கு கண்ணில் அடிக்கும் ஓர இருக்கையில், பாப்கார்னுக்குப் போகிறவர்கள் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் அரங்கில் பார்த்தால், ‘பிரமயுகம்’ ஒரு நிதானமான கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். நல்ல இருட்டில் பார்த்தால் மம்மூட்டியின் முகம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்தத் தெரியாமைதான் படம். திகில், அறிவியல் புனைவு, மாயாஜாலம் மூன்றிலுமே படத்தின் தரத்தோடு பார்க்கும் திரையின் தரமும் சேர்ந்துதான் மதிப்பெண் விழுகிறது. அதனால் கீழே அபிப்பிராயத்தோடு, அந்தப் படத்தை நம்மூரில் எப்படிப் பார்த்தால் காசு வீணாகாது என்பதும் கலந்தே வரும். கதை முடிச்சுகளை எங்கேயும் அவிழ்க்கவில்லை.

‘பிரமயுகம்’ ராகுல் சதாசிவன் இயக்கி 2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம். 17ஆம் நூற்றாண்டு மலபார். உயிருக்குத் தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். உள்ளே கொடுமோன் போற்றியும் ஒரு சமையல்காரனும் மட்டும்தான். போற்றி விருந்தாளியைத் தாயம் ஆட உட்கார வைக்கிறார். ஜெயித்தால் வீட்டுக்குப் போகலாம், தோற்றால் காலம் மொத்தமும் மனைக்குச் சொந்தம். ஒரு வீடு, மூன்று ஆள், விடாத மழை, இவ்வளவை வைத்துக்கொண்டு இரண்டேகால் மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். வண்ணத்தை எடுத்துவிட்டதால் பாசி, ஈர மரம், எண்ணெய் விளக்கு, வெற்றுடம்பு எல்லாமே ஒரே பொருளால் செய்ததுபோல ஆகிவிடுகிறது. மம்மூட்டி எழுந்து நின்று கத்த வேண்டிய தேவையே இல்லை. சாய்ந்து உட்கார்ந்து சிரித்தால் போதுமானதாக இருக்கிறது. அந்தச் சிரிப்பு முடிந்தபிறகு வரும் மௌனத்தைத்தான் கவனிக்க வேண்டும். மழைச் சத்தம் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருக்கும், போற்றியின் கண் எதிரே இருப்பவனை விட்டு நகராது.

குறை என்றால், பின்பாதியில் மனையின் வரலாறு சமையல்காரன் வாய்வழியாக மொத்தமாக வந்து இறங்குகிறது. அதுவரை கண்ணால் புரியவைத்த படம் அங்கே காதால் புரியவைக்கப் பார்க்கிறது. தமிழ் மொழிமாற்றத்தை விட்டுவிட்டு மலையாளத்திலேயே பாருங்கள். போற்றியின் பழைய நம்பூதிரி மலையாளத்தில் இருக்கும் மரியாதை கலந்த மிரட்டல் டப்பிங்கில் வெறும் மிரட்டலாகிவிடுகிறது.

இதுபோன்ற படத்துக்கு அரங்கு சரியா என்று டிக்கெட் வாங்கிய பிறகாவது சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் காட்டுவார்கள் இல்லையா, அதன் வெள்ளைத் தாளைப் பாருங்கள். தாள் பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் புரொஜெக்டரின் செனான் விளக்கு ஆயுள் முடியும் கட்டத்தில் இருக்கலாம். அல்லது முப்பரிமாணப் படத்துக்குப் போட்ட வடிகட்டியை லென்ஸ் முன்னாலிருந்து கழற்றாமல் விட்டிருக்கலாம். இருபரிமாணப் படத்துக்குத் திரை வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது சுமார் 48 நிட் இருக்க வேண்டும் என்பது நியமம். அந்த வடிகட்டி குறுக்கே நின்றால் அதில் பாதிகூடத் தேறாது. சான்றிதழ் மறைந்து திரை முழுக்கக் கறுப்பாகும் அந்த நொடியில் கூரையும் பக்கத்துச் சுவரும் துலக்கமாகத் தெரிந்தால் வெளி வெளிச்சம் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். சண்டைப் படத்துக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. பேய்ப்படத்துக்கு இதுதான் விஷயமே. இருக்கை எடுக்கும்போது திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடுவில் எடுங்கள்; நாலாபக்க ஒலியும் அங்கேதான் சமமாக வந்து சேரும். கடைசி வரிசை சௌகரியமாக இருக்கும், ஆனால் பின்சுவர் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருப்பதால் திரையில் பேசுவதைவிட முதுகுக்குப் பின்னால் கதவு கிறீச்சிடுவதுதான் பெரிதாகக் கேட்கும்.

ஒலி என்றதும் ‘டிமான்ட்டி காலனி 2’. அஜய் ஞானமுத்து 2015இல் எடுத்த முதல் படம் நாலு நண்பர்களை ஓர் அறைக்குள் பூட்டி வைத்தே வேலையை முடித்தது. 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த இரண்டாம் பாகம் அந்தக் கதையின் விளிம்பிலிருந்தே தொடங்கி, இரட்டைச் சகோதரர்கள், சாபம் என்று விரிகிறது. தொடங்கும் விதமும் முதல் பாகத்தோடு தைத்த தையலும் கெட்டிக்காரத்தனம். தமிழில் தொடர்ச்சிப் படத்துக்கு இவ்வளவு வீட்டுப்பாடம் செய்தவர்கள் குறைவு. அருள்நிதியும் இரண்டு வேடத்தையும் மீசை தாடி வித்தியாசத்தை நம்பாமல் உடல்மொழியில் பிரித்துக் காட்டுகிறார். ஆனால் சத்தம் அதிகம். திடுக்கிட வைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அரங்கின் ஒலியை அளவு பார்க்கும்போது சராசரி மட்டத்தை 85 டெசிபலில் வைத்து, அதற்கு மேலே 20 டெசிபல் இடம் விடுவார்கள். அமைதியாக இருந்துவிட்டு அந்த 20க்குள் ஒரே தாவாகத் தாவினால்தான் உடம்பு உதறும். பின்னணி இசை எந்நேரமும் மேல்தட்டிலேயே உட்கார்ந்திருந்தால் தாவ இடமில்லை. காது வலிக்கும், பயம் வராது.

இன்னொரு பக்கம் அரங்குக்காரர்கள் செய்யும் கோளாறும் சேர்ந்துகொள்கிறது. சத்தம் ஜாஸ்தி என்று யாராவது புகார் சொன்னால் ஆபரேட்டர் ஒலிக் கட்டுப்பாட்டில் 7இல் இருக்க வேண்டிய அளவை 5க்கோ அதற்குக் கீழோ இறக்கிவிடுவார். ஒலி வடிவமைப்பாளர் 7ஐ மனதில் வைத்துக் கலந்த கிசுகிசுப்பும் மூச்சுச் சத்தமும் ஏசி இரைச்சலுக்குள் போய்விடும். இடி மட்டும் இடியாகவே இருக்கும். வசனம் புரியவில்லை என்று இடைவேளையில் ஆபரேட்டரிடம் சொன்னால் பெரும்பாலும் ஏற்றித் தருவார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

சத்தத்தை நம்பும் ‘டிமான்ட்டி காலனி 2’க்கு நேர் எதிர் ‘தும்பாட்’. 2018இல் வந்தபோது கவனிக்காமல் விட்டு, 2024 செப்டம்பரில் மறுவெளியீடு ஆனபோது ஊரே கொண்டாடிய இந்திப் படம். 104 நிமிடம்தான். ராஹி அனில் பார்வேயின் இந்தப் படத்தில் பயம் வேலை செய்வதற்குக் காரணம் அதன் சட்டதிட்டம். படத்தின் பூதமான ஹஸ்தருக்குப் பொன் உண்டு, தானியம் கிடையாது. மாவு பொம்மையைக் காட்டினால் அது பசியில் பாயும். அது தின்னும் நேரத்துக்குள் அதன் கோவணத்திலிருந்து காசை உதிர்த்துக்கொண்டு, மாவால் போட்ட வட்டத்துக்குள் திரும்பிவிட வேண்டும். பார்ப்பவருக்கு இவ்வளவும் தெரிந்துவிடுவதால் வட்டத்தின் கோடு ஓர் அங்குலம் கலைந்தாலே வயிற்றைப் பிசைகிறது. நம் படங்களில் பேய் எப்போது வரும், எதனால் போகும், எதைத் தொடும், எதைத் தொடாது என்று பேய்க்கே தெரியாது. அதனால்தான் கடைசியில் சாமியார் வந்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தும்பாட்’டின் தொடக்கக் கதைசொல்லல் மட்டும் கொஞ்சம் அவசரம். மழையும் சேறும் கருவறைச் சிவப்பும் நிறைந்த படம், வீட்டில் பார்த்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் போனில் பார்க்காதீர்கள்.

‘லோகா: சாப்டர் 1 சந்திரா’ 2025 ஆகஸ்ட் இறுதியில் வந்தது. நாட்டார் கதை யட்சியான களியங்காட்டு நீலியைப் பெங்களூருக்குக் கூட்டிவந்து, பேக்கரி வேலைக்குப் போகும் சந்திரா என்ற பெண்ணாக உட்கார வைத்திருக்கிறார் டொமினிக் அருண். சுமார் 30 கோடி ரூபாயில் எடுத்ததாகச் சொல்லப்படும் இந்தப் படம் அதைப்போலப் பல மடங்கு செலவழித்த படங்களைவிடப் பணக்காரத்தனமாகத் தெரிகிறது. காரணம் எளிது. கதை முக்கால்வாசி இரவில், அடுக்குமாடி வீட்டுக்குள், சந்துகளில் நடக்கிறது. நிமிஷ் ரவி சிவப்பும் மஞ்சளுமாக விளக்கை வைத்தே இடத்தை உண்டாக்குகிறார். கிராஃபிக்ஸை நிஜமாகவே தேவைப்படும் இடத்துக்கு மட்டும் சேமித்து வைத்திருக்கிறார்கள். கல்யாணி பிரியதர்ஷன் சண்டை போடும்போது முகத்தைக் கடுமையாக்கிக்கொள்வதில்லை, அலுத்துப்போனவளாக அடிக்கிறாள். நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்த யட்சிக்கு அந்த அலுப்பு பொருத்தம். நம் டான்ஸ் மாஸ்டர் சாண்டி, போலீஸ் நாச்சியப்பாவாக எரிச்சலைக் கிளப்பிவிடுகிறார், அது பாராட்டு. நீலியின் பூர்வகதைப் பகுதிதான் படத்தின் உச்சம். அதற்குப் பிறகு வரும் கடைசி அரைமணி அடுத்தடுத்த பாகங்களுக்கு ஆள் அறிமுகம் செய்யும் வேலையில் இறங்கிவிடுகிறது. கைதட்டல் கிடைக்கிறது, சந்திராவின் கதை ஓரமாக நிற்கிறது.

இதைப் பார்த்துவிட்டு வரும்போது பொறாமை வராமல் இருக்காது. நம் பக்கம் சரக்கு இல்லையா என்ன? அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்குச் சிலை கிடையாது. சந்தனம் சாத்திய மூடிய கதவைத்தான் கும்பிடுகிறோம். பாண்டிகோயிலில் முனி மீசையோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். மூடிய கதவையே சாமியாக வைத்திருக்கும் ஊரிலிருந்து ஒரு நல்ல மாயாஜாலப் படம் வராததற்குக் காரணம் பட்ஜெட் அல்ல. நாம் கருப்பரைக் கடைசி ரீலில் உடுக்கைப் பாட்டோடு வந்து பேயை முடித்துவைக்கிற வேலைக்குத்தான் கூப்பிடுகிறோம். அவருக்கென்று ஆசை, தயக்கம், பழைய கணக்கு எதையும் யாரும் எழுதுவதில்லை. நீலிக்கு அதை எழுதியிருக்கிறார்கள்.

ரயன் கூக்ளரின் ‘சின்னர்ஸ்’ ஹாலிவுட் சரக்கு. 1932, மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல், ஊர் திரும்பிய இரட்டையர் தொடங்கும் பாட்டுக்கொட்டகை, வாசலில் வந்து நின்று உள்ளே கூப்பிடச் சொல்லும் இரத்தக்காட்டேரிகள். கூப்பிடாமல் உள்ளே வர முடியாது என்ற ஒற்றை விதியை வைத்தே பின்பாதி முழுவதும் ஓடுகிறது. கொட்டகைக்குள் ஒரு பாட்டு முன்னோரையும் பின்னோரையும் ஒரே தளத்தில் ஆட வைக்கும் இடம் ஒன்று போதும், டிக்கெட் காசு கழிந்துவிடும். அது வந்த கையோடு இடைவேளை விட்ட காட்சிகளில் பார்த்தவர்கள் பாவம். ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை என்பது இங்கே அரங்கில் போடும் வெட்டு. இறுக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போது விளக்கைப் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும், படத்தில் அதற்கு நேரம் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தப் படத்தை வீட்டில் பார்ப்பதில் வேறொரு சிக்கல். 65 மி.மீ. ஃபிலிமில் எடுத்ததில் அகலக் காட்சிகள் 2.76க்கு 1 என்ற விகிதம். 55 அங்குல டிவியில் படத்தின் உயரம் 44 செ.மீ.தான் கிடைக்கும், ஒரு முழம்கூட வராது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை. டிவியை ஏழெட்டு அடிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு பாருங்கள். ஜூம் பொத்தானை அமுக்கிப் பட்டையை ஒழிக்காதீர்கள். இரட்டையரில் ஒருவர் பாதி உடம்போடு நிற்பார்.

மற்றபடி டிவியில் மாற்ற வேண்டியவை கொஞ்சம்தான். படத்தை சீரியல்போல வழுக்கவைக்கும் வசதியை அணையுங்கள்: சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதையே வையுங்கள். இல்லையென்றால் சினிமா மோட், நிறவெப்பம் வார்ம் 2. ‘பிரமயுகம்’ நீலம் பாய்ந்து தெரிவது இந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிடும். அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மங்கவைக்கும் சென்சாரையும் ஈகோ மோடையும் அணைக்காவிட்டால் இருட்டறையில் படம் மொத்தமும் புதைந்துவிடும். இருட்டுக் காட்சிகளில் கோலம் மாதிரி வளையம் வளையமாகப் பட்டை தெரிந்தால் டிவியைத் திட்ட வேண்டாம். இணைய வேகம் போதாமல் ஓடிடி குறைந்த தரத்துக்கு இறங்கியிருக்கும். 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் தொடர்ந்து கிடைக்க வேண்டும், வைஃபையைவிட கேபிள் நம்பகம்.

சித்திரை, வைகாசியில் மின்விசிறியை ஐந்தில் வைக்காமல் வீட்டில் உட்கார முடியாது. அந்த இரைச்சலில் கிசுகிசுப்பு கேட்காது என்று ஒலியை ஏற்றினால் அடுத்த இடியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். சவுண்ட்பாரில் நைட் மோட் இதற்குத்தான்: சிறு ஒலியை ஏற்றி, பெரிய ஒலியை அமுக்கும். திகிலின் தாவல் குறையும், வேறு வழியில்லை. திருவிழா நாளில் தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் அடங்கும் வரை காத்திருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சவுண்ட்பாரில் ‘ர்ர்ர்’ என்று உறுமல் வந்தால் அது பேய் அல்ல, சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்த உறுமல் வராது.

‘அயலான்’ பற்றியும் ஒரு வார்த்தை. ஆர். ரவிக்குமார் பல வருடம் போராடி 2024 பொங்கலுக்குக் கொண்டுவந்த படம். கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைக்காரராக வரும் சிவகார்த்திகேயனோடு சித்தார்த்தின் குரலில் பேசும் வேற்றுகிரகவாசி. அறிவியல் ஒன்றும் ஆழமில்லை, வில்லன் அட்டைப்பெட்டி. ஆனால் அந்த உருவம் நிற்கும் தரையில் அதன் நிழல் விழுகிறது, எதிரே நிற்கிறவர்களின் பார்வை சரியாக அதன் கண்ணில் போய் நிற்கிறது. பல படங்களில் கிராஃபிக்ஸ் அம்பலப்படுவது இந்த இரண்டு இடத்தில்தான்: கால் தரையைத் தொடாமல் மிதக்கும், நடிகர் அதன் நெற்றிக்கு மேலே எங்கோ பார்த்துப் பேசுவார். இங்கே அது இல்லை. இந்தப் பட்டியலில் பட்டப்பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளைகள் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தாலும் பார்க்கக்கூடியது இது ஒன்றுதான்.